கப்சிப் என்று பெயர் வைத்தவர்

நாற்காலிக் கால்கள் தரையைக் கீறிக் கத்தாதிருக்க, அவற்றில் மாட்டும் ரப்பர் குல்லாய் ஒன்றை அவர் தம் பட்டறையில் வார்த்தெடுத்து, ‘கப்சிப்’ என்று பெயர் வைத்தார். பெயரை முறைப்படி பதிவும் செய்தார். எந்தக் காகிதத்துக்கும் இரண்டு பிரதி எடுத்துவைக்கும் அவரை அக்கம்பக்கத்தார் நகல்காரர் என்றே அழைத்தனர்.

பதினெட்டு ஆண்டுகளில் கப்சிப் வீடுதோறும் புகுந்தது. தொல்லையும் கூடவே புகுந்தது. எந்தக் கம்பெனிக் குல்லாயையும் மக்கள் கப்சிப் என்றே கேட்டு வாங்கினர். நகல்காரருக்குப் பொறுக்கவில்லை. அப்படிச் சொன்னவர் யாராயினும், பெயரைச் சட்டைப்பைக் குறிப்பேட்டில் குறித்துக்கொண்டு, ‘அப்பெயர் என் சரக்குக்கு மட்டுமே உரியது’ என்று கண்டனக் கடிதம் அனுப்பி, நகலைத் தேதிவாரியாகக் கோத்தார்.

ஒரு பெரிய கம்பெனி முந்திக்கொண்டது. ‘கப்சிப் என்பது பொதுப்பெயர், இவர் வைத்ததே அன்று, பதிவை நீக்குக’ என்று பதிவு அலுவலகத்தில் மனுப் போட்டது. சட்டப் புத்தகங்களைத் தாமே படித்துத் தேறிய நகல்காரர், வக்கீல் வைக்காமல், மனைவியோடும் பதினோரு கோப்புகளோடும் விசாரணைக்குப் போனார்.

முதல் கோப்பில் வரைபடம், பெயர் எழுதிய முதல் அட்டை, அச்சகத்து ரசீது. விசாரித்த அம்மையார் தலையசைத்தார். கம்பெனி வக்கீல் மீதிப் பத்தையும் புரட்டினார்; எல்லாம் கண்டனக் கடித நகல்கள். அவர் முகம் மலர்ந்தது.

“ஐயா, இதையெல்லாம் கொஞ்சம் சத்தமா படிங்களேன்.”

நகல்காரர் கம்பீரமாகப் படித்தார். தலைமையாசிரியருக்கு ஒன்று, பல் டாக்டருக்கு ஒன்று, சொந்த மைத்துனருக்கு மூன்று. ஏழாவது கடிதத்தில்தான் அவருக்குக் குரல் இறங்கியது. ஊரே அப்படித்தான் சொல்கிறது என்பதை அவரே கையெழுத்தோடு நிரூபித்துக்கொண்டிருந்தார்!

“ஒருத்தரையும் விட்டுவைக்கலையா நீங்க?” என்றார் அம்மையார்.

“வீட்டுல இருக்கவங்கள விட்டுட்டேம்மா” என்று மழுப்பினார்.

“எங்க விட்டீங்க?” பின்வரிசையிலிருந்து மனைவி எழுந்தாள். “எனக்கும்தான் வந்துச்சு, பதிவுத் தபால்ல. நானே கையெழுத்துப் போட்டு வாங்கினேன்!”

அறையே சிரித்தது. அடக்கிப் பார்த்த நகல்காரரும் கடைசியில் வயிறு குலுங்கச் சிரித்துவிட்டார்.

ஒரு மாதம் கழித்து உத்தரவை நேரில் வாங்கினார். பெயர் இனி எல்லோருக்கும் பொது என்றிருந்தது. அடுத்த வரிக்கு வந்தார்: ‘ஆயினும், இப்பொருளுக்கு இப்பெயரை முதன்முதலில் சூட்டியவர் இவரே என்பது ஆவணங்களால் ஐயமின்றி நிறுவப்பட்டுள்ளது.’ அங்கேயே நின்று நான்கு முறை படித்தார். முத்திரையிட்ட பிரதிகள் ஐந்து கேட்டார்.

வெளியே, நடைபாதைக் கடைக்காரர் கூவினார்: “கப்சிப், கப்சிப்! மூணு கம்பெனி கப்சிப்பும் இருக்கு!”

மனைவி கலவரத்தோடு கணவரின் சட்டைப்பையைப் பார்த்தாள். குறிப்பேடு வெளியே வரவில்லை.

“தம்பி, இன்னொரு தடவ சொல்லுங்க” என்றார் நகல்காரர்.