பல்சக்கரத்துக்கு வைத்த பொட்டு

ஆயுத பூசைக்கு முதல் நாள், என் பழைய காரின் டைமிங் பெல்ட்டை நானே மாற்றுவது என்று முடிவெடுத்தேன். அதை மாற்றும் விதத்தைக் காட்டும் வீடியோவை நான்கு முறை பார்த்திருந்தேன், அந்தத் தைரியம். பெல்ட்டைக் கழற்றி, இஞ்சின் தலையில் அது சுற்றி ஓடும், தேய்ந்துபோயிருந்த இரண்டு பல்சக்கரங்களுக்குப் பதிலாகப் புதியவற்றை மாட்டினேன். எந்தப் பல் எங்கே நிற்க வேண்டும் என்று அடையாளம் வைக்கப் பெயிண்ட் இல்லை. பூசைக்குக் குழைத்த சந்தனத்தில் சக்கரத்துக்கு ஒரு பொட்டு வைத்துவிட்டுக் காப்பி குடிக்கப் போனேன்.

திரும்பி வந்தால் சக்கரத்துக்கு மூன்று பொட்டு. நடுவில் குங்குமம் வேறு.

"ஒத்தப் பொட்டு மூளியா இருந்துச்சுங்க. அதான் மூணா வெச்சேன்" என்றாள் மனைவி.

மூன்றில் நான் வைத்தது எது என்று தெரியவில்லை. ஒரு பல் தவறினாலும் பிஸ்டன் போய் வால்வில் மோதும், இஞ்சின் காலி. ஏற்காட்டுக் குளிரில் எனக்கு வியர்த்துக் கொட்டியது. கரடியூர் மெக்கானிக்குக்குப் போன் போட்டு, அழாத குறையாகச் சொன்னேன்.

"ஏனுங்க, சக்கரம் செஞ்சவனே கோடு வெட்டித்தானுங்க அனுப்பறான். சந்தனத்தத் தொடச்சுப் பாருங்க. கோட்டுக்குக் கோடு வெச்சு பெல்ட்ட மாட்டி, ஸ்பேனர்ல இஞ்சின ரெண்டு சுத்து சுத்துங்க. எங்கயும் முட்டலைன்னா தப்பிச்சீங்க."

துடைத்தேன். கோடு இருந்தது. வீடியோவிலும் அதைக் காட்டியிருந்தார்கள். தெரிந்த விஷயம்தானே என்று நான்கு முறையும் அந்த இடத்தை ஓட்டிவிட்டிருந்தேன்.

பெல்ட்டை மாட்டி, சேர்வராயன் சாமிக்கு அவசரமாக ஒரு வேண்டுதல் வைத்துக்கொண்டே சுற்றினேன். முட்டவில்லை. சாவியைத் திருப்பியதும் இஞ்சின் பதவிசாக ஓடியது.

"பாத்தியா, வேல தெரிஞ்சவன் செஞ்சா இப்படித்தான்" என்றேன்.

"அது சரிங்க, மொதல்ல சாவிய விடுங்க. இஞ்சின விட உங்க கைதான் நொம்ப ஆடுது."