மீன்பெட்டியில் செய்த ஐஸ்கிறீம்

கொரோனா வந்த வருடத்தில்தான் எங்கள் மகளுக்கு முதல்நன்மை, மாதா கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். குருநகரில் முதல்நன்மை என்றால் காலையில் கோயில், மத்தியானம் வீடு நிறையச் சனம், பின்னேரம் நல்லூர்ப் பக்கம் போய் ஐஸ்கிறீம். எனக்கும் அப்படித்தான் நடந்தது, என் கணவருக்கும் அப்படித்தான். மகளை அதற்கு முன்பும் கடைக்குக் கூட்டிப் போயிருக்கிறோம். ஆனால் சின்னக் கப்தான். உயரக் கண்ணாடிக் கிளாஸில் மூன்று நிறத்தில் வரும் 'ஸ்பெஷல்' முதல்நன்மைக்குத்தான் என்று சொல்லிவைத்திருந்தோம்.

அந்த வருடம் திகதி தள்ளித் தள்ளிப் போனது. கடைசியில் ஒரு சனிக்கிழமை, கோயிலில் ஒரு நீள வாங்குக்கு ஒரு குடும்பமாக இருத்தி, பூசையைச் சுருக்கமாக முடித்தார்கள். வெளியே வந்ததும் மகள் முகக்கவசத்தை இழுத்துவிட்டுக் கேட்டாள்.

"இனி ஐஸ்கிறீம் கடைதானே அம்மா?"

கடைகள் எல்லாம் பூட்டிக் கிடந்தன. என் கணவர் முந்திக்கொண்டார்.

"அப்பா வீட்டிலை செய்து தாறன், பிள்ளை."

அவர் கடலுக்குப் போகிறவர். தேத்தண்ணீருக்குச் சுடுதண்ணி வைப்பதற்கும் என்னைக் கூப்பிடுகிற மனுசன்.

முதலில் நான்தான் செய்து பார்த்தேன். பாலைக் காய்ச்சி, தகரப் பேணியில் வரும் இனிப்பு ரின்பால் விட்டு, கஸ்டர்ட் மா கரைத்து, வனிலா எசென்ஸ் சேர்த்து பிரிட்ஜின் மேல்தட்டில் வைத்தேன். எங்கள் பிரிட்ஜ் பழையது. அடுத்தநாள் எடுத்தபோது கல்லாக இருந்தது. கத்தியால் கிளப்பி ஒரு துண்டைக் கொடுத்தேன். மகள் நக்கிப் பார்த்தாள்.

"அம்மா, இது குச்சியில்லாத ஐஸ்பழம்."

என் கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு அந்தத் துண்டை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

"ஆறுதலா, மெல்ல மெல்ல உறைஞ்சிருக்கு. அதுதான் ஊசி ஊசியா நிக்குது. மீனும் இப்பிடித்தான், கெதியாக் குளிராட்டிச் சதை கெட்டுப்போம். நான் ஐஸ் கொண்டுவாறன், நீ பாலைக் காய்ச்சு."

மறுநாள் கரையிலிருந்து வரும்போது, மீன் போடும் வெள்ளை நுரைப்பலகை ரெஜிபோம் பெட்டி ஒன்றில் உடைத்த ஐஸை நிரப்பிக்கொண்டு வந்தார்.

"உந்தப் பெட்டிக்கையோ செய்யப் போறியள்? மீன் வெடுக்கு அடிக்குமப்பா!"

"புதுப்பெட்டி. இன்னும் ஒரு மீனும் படுக்கேல்லை."

நான் நம்பவில்லை. தேசிக்காய்ப் பாதியால் பெட்டியின் விளிம்பையெல்லாம் தேய்த்த பிறகுதான் விட்டேன். ஐஸின் மேல் கல்லுப்பை அள்ளிப் போட்டார். உப்புச் சேர்ந்தால் ஐஸ் இன்னும் குளிரும் என்பது அவருக்குத் தொழிலில் வந்த அறிவு. ஆறவைத்த பாலைத் தூக்குச்சட்டியில் விட்டு, ஐஸுக்குள் கழுத்துவரை புதைத்து, சட்டியை இரண்டு கைகளாலும் பிடித்து இப்படியும் அப்படியுமாகத் திருப்பத் தொடங்கினார். நான் இடைக்கிடை மூடியைத் திறந்து, ஓரத்தில் பிடித்ததை அகப்பைக் காம்பால் சுரண்டிவிட்டேன். கொஞ்சநேரம் நானும் திருப்பிப் பார்த்தேன். விரல் விறைத்துப்போய்க் கையை இழுத்துக்கொண்டேன். அவருடைய கைகள் அதற்குள்ளேயே கிடந்தன. வலை இழுத்துத் தடித்த அந்தக் கைகளை அவ்வளவு நேரம் பக்கத்திலிருந்து பார்த்தது அன்றைக்குத்தான்.

"இறுகுது, அப்பா! இறுகுது!" என்று மகள் துள்ளினாள்.

உயரக் கிளாஸ் எங்களிடம் இல்லை. அவருடைய பியர் கிளாஸைத்தான் இரண்டு தரம் கழுவி எடுத்தேன். அடியில் சிவப்பு ஜெலி, மேலே ஐஸ்கிறீம், அதற்கு மேலே வறுத்த கஜுப் பருப்பு, ஓரத்தில் ஒரு வேபர்ஸ். மூன்று நிறம் வரவில்லை. ரோஸ் சிரப் விட்டதில் பாதி மட்டும் இளஞ்சிவப்பானது. மகள் நன்மை உடுப்பை மறுபடி போட்டுக்கொண்டு வந்து மேசையில் இருந்தாள்.

நான் ஒரு கரண்டி வாயில் வைத்தேன். மெத்தென்றுதான் இருந்தது. ஆனால் கடையின் ருசி இல்லை. அதை எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது மகள் கரண்டியைப் போட்டுவிட்டுத் தலையைப் பிடித்தாள்.

"அம்மா, நெத்தி வலிக்குது!"

யோசிக்காமலே என் உள்ளங்கையை அவள் நெற்றியில் அழுத்தினேன். அப்படி அழுத்தியபோதுதான் என் அப்பாவின் ஞாபகம் வந்தது. என் முதல்நன்மை அன்று கடையில் எனக்கும் இப்படித்தான் வலித்தது. கடலில் அவசரமாகச் சாப்பிட்டுப் பழகிய அப்பா, தன்னுடையதை எப்போதோ முடித்துவிட்டு, "கரையப் போகுது, கெதியாச் சாப்பிடு" என்று என்னை அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். நான் அழத்தொடங்கியதும் பயந்துபோய், சொரசொரவென்ற கையால் என் நெற்றியை மூடிக்கொண்டு கடைக்காரரிடம் சுடுதண்ணீர் கேட்டார். ஐஸ்கிறீம் கடையில் சுடுதண்ணீர்! பக்கத்து மேசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அப்பா இறந்து எத்தனையோ வருடத்துக்குப் பிறகு அவருடைய கையின் சூடு எனக்குத் திரும்பக் கிடைத்தது அன்றைக்குத்தான்.

"ஏன் அழுகிறாய்? உப்புத் தண்ணி சட்டிக்குள்ளை போயிட்டுதோ?" என்று கேட்டார் என் கணவர்.

"இல்லையப்பா. நல்லாயிருக்கு. இன்னும் கொஞ்சம் போடுங்கோ."

கடைகள் திறந்த பிறகு மூன்று பேரும் போனோம். மகள் ஸ்பெஷலைக் கரண்டியால் அடிவரை தோண்டிச் சாப்பிட்டாள். என் கணவரோ கொஞ்சத்தை நாக்கில் வைத்து, கண்ணை மூடி, பரிமாறிய பெடியனைக் கூப்பிட்டார்.

"தம்பி, இதுக்கு என்ன எசென்ஸ் விடுறனீங்கள்?"

"எனக்கே சொல்லமாட்டினம், அண்ணை."

"சரி, அப்ப இன்னொண்டு கொண்டுவாரும்," என்றார் அவர். "நான் கண்டுபிடிக்கிறன்."