பிள்ளை இல்லாத காதுகுத்து

பால் வாங்கித் திரும்பும்போது சுவரில் பசை காயாத அஞ்சலிச் சுவரொட்டி ஒன்றில் தாமோதரனின் முகத்தைப் பார்த்தேன். பெரிய காஞ்சிபுரத்தில் தொண்ணூறுகளில் கல்யாணம் செய்தவர்களுக்கு அவரைத் தெரிந்திருக்கும். தாலி கட்டும் நேரத்தில் ஐயரையே "கொஞ்சம் தள்ளுங்க சாமி" என்று ஒதுக்கிய வீடியோக்காரர். அவர் ஏன் தொழிலை விட்டார் என்பது உங்களில் பலருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

ஒரு சட்டமன்றத் தேர்தலில், வேட்பாளர்களின் செலவுகளைப் படம் பிடிக்க அவரை அமர்த்தினோம். நான் அப்போது தேர்தல் பிரிவில் இளநிலை உதவியாளர். முதல் நாளே ஒரு கட்சிக்காரர் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து, ஊர்வலத்தில் வந்த கார்களை எடுக்க வேண்டாம் என்றிருக்கிறார். "டீய நீயே குடிப்பா. கேமராவ ஆன் பண்ணிட்டா நான் யாருக்கும் சொந்தக்காரன் இல்ல" என்றாராம் இவர்.

வாக்குப்பதிவுக்கு நான்கு நாள் முன்பு, திருப்புட்குழிப் பக்கம் ஒரு மண்டபத்தில் காதணி விழா என்று பலகை வைத்திருந்தார்கள். உள்ளே பிரியாணிப் பந்தி. சாப்பிட்டு வந்த பெண்களுக்கு ஆளுக்கொரு புடவை. கொடுத்தவர்கள் வேட்பாளரின் ஆட்கள். எத்தனையோ விசேஷங்களைப் படம் எடுத்த தாமோதரன் நேராக மேடைக்குப் போயிருக்கிறார். மறுநாள் காலை அலுவலகத்தில் கேசட்டைப் போட்டுக் காட்டினார். காலி மணைப்பலகை திரையில் வந்தபோது சிரித்தார்.

"காதுகுத்துன்றாங்க, புள்ளையே இல்ல சார். குத்துறதுக்கு ஒரு காதாச்சும் வேணாமா?"

நாங்கள் மூவர் பார்த்தோம்: அவர், நான், எங்கள் அதிகாரி. அதிகாரி அவர் தோளைத் தட்டி, "இது ஒண்ணு போதும் தாமோதரன்" என்றார். நானும் அதை நம்பினேன்.

அந்த வேட்பாளர் ஜெயித்தார். அவர் கொடுத்த செலவுக் கணக்கில் மண்டபமும் இல்லை, புடவையும் இல்லை. தோற்றவர் புகார் கொடுத்ததும் விசாரணை வந்தது. அதிகாரி என்னைத் தனியே கூப்பிட்டார்.

"கேசட்ட மாத்தியாச்சு, இப்ப இருக்குறது காலி கேசட். அதுல ஒண்ணும் பதிவாகலன்னு எழுதிக் குடுத்துருங்க. உங்க பிரமோஷன் ஃபைல் எங்கிட்டதான் இருக்குது."

எழுதிக் கொடுத்தேன். யோசித்துவிட்டுத்தான் எழுதினேன்.

விசாரணையில் என் கடிதத்தைப் படித்தார்கள். தாமோதரன் அதிகாரியைத் திரும்பியும் பார்க்கவில்லை. என்னிடம்தான் கேட்டார்: "சார், எம்பக்கத்துல உக்காந்துகினுதானே பாத்தீங்க?"

நான் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். புடவை வாங்கிய பெண்களும் அன்று மண்டபத்துக்கே போகவில்லை என்று சொல்லிவிட்டார்கள். ஒளிப்பதிவாளரின் கவனக்குறைவு என்று அறிக்கை முடிந்தது. அந்த அறிக்கை ஊருக்குள் பரவிய வேகத்தில் வேறெதுவும் பரவியதில்லை. காலி கேசட் ஓட்டுகிறவரை நம்பி யார் மகள் கல்யாணத்தைக் கொடுப்பார்கள்? ஒரு வருடத்துக்குள் கேமராவை விற்றுவிட்டு, ஏனாத்தூரில் ஜெராக்ஸ் கடையில் சம்பளத்துக்குச் சேர்ந்தார்.

ஒருமுறை அங்கே பஸ் நிறுத்தத்தில் எதிர்ப்பட்டார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். கை காட்டித் தடுத்தார்.

"அவன் துட்டு குடுத்து ஜெயிச்சான், அது அவன் பொழப்பு. நீங்க கண்ணால பாத்தவரு சார்."

பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டார்.

சுவரொட்டியில் இருந்த முகவரிக்குப் போனேன். அவர் மனைவி, "நீங்க யாருங்க?" என்றார். பெயரைச் சொன்னேன். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "உக்காருங்க, காபி தரச் சொல்றேன்" என்றார். இத்தனை வருடத்தில் தாமோதரன் என் பெயரை வீட்டில் சொன்னதே இல்லை. அதிகாரி என்னையும், நான் தாமோதரனையும் விலை பேசிய கதையில், அவர் மட்டும் யாரையும் காட்டிக் கொடுக்கவில்லை.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த மௌனம். அதற்கு நான் தகுதியானவன் இல்லை. ஆகவே, அன்று அந்த அறையில் சொல்ல வேண்டியதை, அவரை அறிந்தவர்களான உங்கள் முன் இன்று எழுதுகிறேன்: கேசட்டில் படம் இருந்தது. தெளிவாக இருந்தது. நான் பார்த்தேன்.