அறையில் சுடலை மட்டும் எழ வேண்டும்

கரண்ட்டைச் சத்தமாகவோ வெளிச்சமாகவோ மாற்றிக் கொடுப்பதுதான் என் தொழில். நடுவில் கிளம்பும் சூடு முழுக்க எனக்கு. ஒரகடத்தில், வல்லக்கோட்டை போகும் ரோட்டில், ஸ்பீக்கர், எல்.இ.டி. பல்பு, காலிங் பெல் ரிப்பேர் கடை. அலாரத்தை அணைத்துவிட்டு மறுபடி தூங்கும் சக பாவிகளே, சுடலையின் கஷ்டம் உங்களுக்குத்தான் புரியும்.

ஆர்டர்

சுடலை தூத்துக்குடிப் பக்கம். கார் பாகம் செய்யும் கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை. செகண்ட் ஷிப்டும் ஓ.டி.யும் முடித்து விடியலில் வந்து படுப்பான். மதியம் மறுபடி கம்பெனி பஸ். ஆறு பேர் தங்கும் அறை. போன் அலாரம் அடித்தால் நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கும் மற்ற ஐந்து பேரும் எழுந்து அவனை மொத்துவார்கள். அவன் அதற்கும் எழமாட்டான். இன்னொரு தடவை பஸ்ஸை விட்டால் வரவே வேண்டாம் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார்.

"சோலி போயிரும் அண்ணாச்சி. நான் மட்டும் முழிக்கணும், அவனுக முழிக்கக் கூடாது" என்றான்.

வெளிச்சம்

டைமர் போட்டு, அவன் முகத்துக்கு நேராக ஒரு குட்டி ஃபோகஸ் விளக்கை மாட்டினேன். எருமையே எழுந்து நிற்கும் வெளிச்சம். மறுநாள் பஸ் ஹாரன் கேட்டு, சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி ஏறினானாம்.

"லைட்டு ஜோரு அண்ணாச்சி. கண்ணு கூசிச்சு, கட்டியிருந்த சாரத்த இழுத்து மூஞ்சில போத்திக்கிட்டேன். பொறவுதான் நல்ல உறக்கமே வந்துச்சு!"

அதிர்வு

பழைய செல்போனின் வைப்ரேட்டர் மோட்டாரைத் தலையணைக்கு அடியில் வைத்தேன். அது நழுவி இரும்புக் கட்டிலில் விழுந்தது. ஸ்பீக்கர் என்பதே நடுங்குகிற ஒரு தாள்தான். அன்று கட்டில் முழுக்க ஸ்பீக்கராகிவிட்டது. சுடலை எழுந்தான், அடியும் வாங்கினான். கீழ்வீட்டில் குடியிருக்கும் ஹவுஸ் ஓனர் அக்கா நேராக என் கடைக்கு வந்துவிட்டார்.

"இன்னாபா, மேல பசங்க மாவு மில்லு வெச்சிகினு கீறானுங்களா? வூடே ஆடுது!"

பாட்டு

கடைசியில் வழி சொன்னது சுடலைதான். கம்பெனியில் அவன் நிற்கும் லைனில் யாராவது வேலை முடியாமல் மேலே தொங்கும் கயிற்றை இழுத்தால் சிவப்பு விளக்கு எரியும், ஒரு பாட்டு அடிக்கும், லைன் நின்றுவிடும். யார் நின்று வேலை செய்யும் இடத்தில், அதாவது யார் ஸ்டேஷனில், நின்றதோ அவனுக்கு சூப்பர்வைசரிடம் வசவு. அதைக் கேட்டால் எந்த உறக்கமும் போய்விடும் என்றான். அந்த மெட்டைச் சின்ன ஸ்பீக்கரில் ஏற்றி, காதோடு பேசுகிற அளவுக்குக் குறைத்து, தலையணை உறைக்குள் வைத்துத் தைத்தேன்.

மறுநாள் மதியம் வேடிக்கை பார்க்க நானே போனேன். பாட்டு மெல்ல வந்ததும் சுடலை துள்ளி எழுந்தான். கூடவே மற்ற ஐந்து பேரும் எழுந்தார்கள். எல்லாரும் அதே கம்பெனிக்காரர்கள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. யாரும் சுடலையை அடிக்கவில்லை, திட்டவில்லை. கண்ணைத் திறக்காமலேயே ஆளுக்கொரு கை தலைக்கு மேல் கயிற்றைத் தேடியது. அவர்களில் மூத்தவர், பாதித் தூக்கத்தில், என்னைப் பார்த்துக் கைகூப்பினார்.

"சத்தியமா என் ஸ்டேஷன் இல்ல சார்!"

சுடலை பஸ்ஸைப் பிடித்தான், வேலையும் தப்பியது. ஆனால் அவனை எழுப்பியது என் ஸ்பீக்கரா, சூப்பர்வைசரா என்பதுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை.