காலைக் கரண்ட்

அன்றைக்கு என் வீட்டுக்குப் பின்னால் இருந்தவர்கள் இவர்கள். நான். என் மனைவி. மனைவியின் தங்கை. தங்கையின் புருஷன், அதாவது என் சகலை. எதிர்வீட்டுக்காரர், அவர் சண்டை போட வந்தவர். அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். டிவியில் படம் ஓடும் நேரம். நான் வெல்டிங் மிஷினைப் போட்டதும் எதிர்வீட்டு டிவியில் படம் சுருங்கிவிட்டது. அவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

"இன்னாபா நீ, கரண்ட்ட எல்லாம் நீயே குட்ச்சிட்டா நாங்க இன்னாத்த பாக்கறது? ஈரோவுக்கு ஒரு பக்கத்து மீசையக் காணோம்."

"அஞ்சு நிமிசம்ணா."

"அஞ்சு நிமிசத்துல அந்தப் பொண்ண வேற எவனுக்காவது கட்டிக் குட்த்துடுவாங்கபா."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்தது அதோடு சரி.

எங்கள் வீடு திருமுல்லைவாயிலில். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ஃபவுண்டரியில் எனக்கு வேலை. தட்டுகிற வேலை. வார்த்து ஆறின இரும்புச் சாமானைத் தூக்கிச் சுத்தியால் தட்ட வேண்டும். நல்லது டிங் என்னும். உள்ளே விரிசல் இருந்தால் டொக் என்னும். டொக் என்றால் தனியாக எறிந்துவிட வேண்டும். பதினோரு வருடம் இதையே செய்தேன். படிப்பு ஆறாவதோடு நின்றது. அந்த வேலைக்குக் காது இருந்தால் போதும்.

வெல்டிங் என் வேலை இல்லை. ஆசை. கம்பெனி வெல்டர் ஒருநாள் அவருடைய கறுப்புக் கண்ணாடியைக் கொடுத்து, பார் என்றார். பார்த்தேன். உள்ளே இரும்பு தண்ணீர் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு எனக்குக் கேரம், சீட்டு எதுவும் பிடிக்கவில்லை. பாடியில் ஒரு பழைய இரும்புக் கடையில் மிஷின் கிடைத்தது. போனஸ் அதில் போயிற்று. மனைவி ஒரு வாரம் பேசவில்லை.

பேச வைத்தது என் கண். கண்ணாடியை இறக்குவதற்கு முன்னால் வெல்டிங் ராடை இரும்பில் வைத்துவிட்டேன். கண்ணுக்குள் மணலை அள்ளிப் போட்ட மாதிரி இருந்தது. உருளைக்கிழங்கை வட்டமாக நறுக்கி இரண்டு கண்ணிலும் வைத்தாள்.

"இத்த வாங்கினதுக்கு இது ஒண்ணுதான் கொறச்சலு" என்றாள்.

நான்கு மாதம் பழகினேன். ராடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டாவிட்டால் ஓட்டை விழும். தண்ணீர்க் குடம் வைக்க ஒரு ஸ்டாண்ட் செய்தேன். நாலு கால். ஆடியது. மனைவி பழைய கல்யாணப் பத்திரிகையை மடித்து ஒரு காலுக்குக் கீழே வைத்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் சகலை கேட்டார். "அண்ணாச்சி, ஒருக்கா நான் பிடிச்சுப் பாக்கட்டுமா?"

அவருக்குத் திருநெல்வேலிப் பக்கம். ஆவடியில் டிஃபன்ஸ் ஃபேக்டரி ஆபீசில் கிளார்க். குவார்ட்டர்ஸில் இருந்தார். கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். எங்கள் மாதா கோயில் போர்டில் பூசை நேரம் எழுதுவது அவர்தான். ராடு மாட்டுகிற ஹோல்டரைக் கொடுத்தேன். அவருக்கும் ராடு ஒட்டிக்கொள்வதைப் பார்க்க வேண்டும், அதற்காகக் கொடுத்தேன்.

இரண்டு முறை ஒட்டியது. மூன்றாவது ராடு ஓடியது. அவர் கை நகர்ந்ததே தெரியவில்லை. ஆறினதும் மேலே இருந்த கறுப்புக் கசடு தானாகச் சுருண்டு விழுந்தது. நான் சுத்தியால் கால்மணி நேரம் கொத்துவேன். கீழே பார்த்தால் காசுகளைச் சாய்த்து அடுக்கின மாதிரி இருந்தது.

மச்சினி தையல் வேலை செய்கிறவள். குனிந்து பார்த்தாள். "மாமா, மிசின்ல தெச்ச மாதிரி கீது பாரேன்."

எதிர்வீட்டுக்காரர் டிவியை மறந்துவிட்டார். "இவராண்ட கத்துக்கபா நீ. உன்னுது காக்கா எச்சம்."

எனக்கு நான்கு மாதம். அவருக்கு மூன்று ராடு.

"நல்லா வருது சகலை" என்றேன்.

அதற்குப் பிறகு தினமும் ஆபீஸ் விட்டு நேராக சைக்கிளில் வருவார். எனக்கு அப்போது இரண்டாம் ஷிஃப்ட். காலையில் நான் வெல்டிங் செய்வேன், மதியம் வேலைக்குப் போவேன். சாயங்காலம் என் மிஷினில் அவர். நான் திரும்பி வந்து பார்த்தால் ஏதாவது ஒன்று புதிதாக நிற்கும். பூந்தொட்டி ஸ்டாண்ட். செருப்பு ஸ்டாண்ட். ஒருநாள் ஒரு குடம் ஸ்டாண்ட். அது ஆடவில்லை. மனைவி அதை முன்னறையில் வைத்தாள். என்னுடையது குளியலறைக்குப் போயிற்று.

"ஏன், இது இன்னா பாவம் பண்ணிச்சு?" என்று கேட்டேன்.

"அதான் பக்கிட்டு வச்சிக்கிறோமே" என்றாள்.

தெருவில் எல்லாரும் அவரைக் கேட்டார்கள். என் வீட்டு வாசலில் வந்து நின்று, "சகலை இல்லியா?" என்பார்கள். அவர் ராடை அவர் காசில் வாங்கினார். ஒவ்வொரு தடவையும், "போட்டுக்கிடட்டுமா?" என்று என் மனைவியிடமாவது கேட்டுவிட்டுத்தான் மிஷினைத் தொடுவார். நல்ல மனிதர். அது இன்னும் எரிச்சலாக இருந்தது. கெட்டவராக இருந்தால் திட்டியாவது இருக்கலாம்.

ஆனால் எனக்கு ஒன்று தெரியும். அவருக்குத் தெரியாது.

எங்கள் தெருவில் காலையில் கரண்ட் முழுசாக வரும். சாயங்காலம் வீட்டுக்கு வீடு பல்பும் டிவியும் போட்ட பிறகு குறைந்துவிடும். அந்தக் கரண்டில் ராடு உருகி இரும்புக்கு மேலே உட்காரும். உள்ளே இறங்காது. மெல்லிசுக் கம்பிக்குப் பரவாயில்லை. தடித்த இரும்பு ஆங்கிளுக்கு ஆகாது. பார்த்தால் தெரியாது. அழகாகத்தான் இருக்கும். சாயங்காலம் நான் போட்ட துண்டுகளை உளி வைத்து அடித்துப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். 'தடிச்சது எதுவும் காலைல போடுங்க சகலை' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கேட்டால் சொல்லலாம் என்று இருந்தேன். தெரியாதவர் எதைக் கேட்பார்?

அந்த வருடம் மாதா திருவிழாவுக்குப் புதுச் சப்பரம் வேண்டும் என்றார்கள். பழையது மரம். தோளில் தூக்க ஆள் குறைந்துபோயிற்று. இரும்பில் சட்டம் செய்து சக்கரம் வைத்து இழுக்கலாம் என்று முடிவானது. கோயில் வேலைகளைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியார் எங்கள் வீட்டுக்கு வந்தார். நாங்கள் இரண்டு பேரும் காசு வாங்காமல் செய்வதாகச் சொன்னோம்.

அவரே பிரித்துக் கொடுத்தார். சக்கரம் மாட்டுகிற கீழ்ச்சட்டம் எனக்கு. மாதா நிற்கிற மேடையும் அதன் கால்களும் சகலைக்கு.

"கீழ துணி கட்டிடுவோம், தெரியாது" என்றார் என்னைப் பார்த்து. ஆறுதல் சொல்கிற மாதிரி சொன்னார்.

மூன்று வாரம் எங்கள் வீட்டுப் பின்பக்கத்தில் வேலை நடந்தது. நான் காலையில், அவர் சாயங்காலத்தில். மேடையில் பதினாறு ஜாயிண்ட். எல்லாம் தடித்த ஆங்கிள். பார்க்க வந்தவர்கள் மேடையைத் தடவிப் பார்த்துவிட்டுப் போனார்கள். கீழ்ச்சட்டத்தை யாரும் குனிந்து பார்க்கவில்லை.

திருவிழா ஞாயிற்றுக்கிழமை. வெள்ளிக்கிழமை காலை நான் மட்டும் இருந்தேன். கையில் சுத்தி இருந்தது. கைப்பழக்கம், தட்டினேன். முதலில் என்னுடையது. எல்லாம் டிங். பிறகு மேடை. முன்பக்கத்து ஜாயிண்டுகள் டிங். பக்கவாட்டிலும் டிங். பின்பக்கம் போனேன்.

டொக்.

இன்னொரு தடவை தட்டினேன். டொக். பக்கத்தில் இருந்ததும் டொக். பதினாறையும் இரண்டு தடவை தட்டினேன். நான்கு டொக்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் இருந்தது. நான்கு மாதம் ஓட்டை போட்டவன், குளியலறை ஸ்டாண்ட் செய்தவன். மனைவி பார்க்க அந்த மேடை ஆட வேண்டும். உபதேசியார் பார்க்க வேண்டும். அப்படி நினைத்துக்கொண்டு சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போனேன்.

கம்பெனியில் ஷிஃப்ட் முழுக்கத் தட்டினேன். டொக் என்றதை எல்லாம் எடுத்து எறிந்தேன். ஒவ்வொன்றை எறியும்போதும் மேடை ஞாபகம் வந்தது. சப்பரத்தின் வடத்தை முன்னால் பிடித்து இழுக்கப்போவது பெண்கள். அதில் என் மனைவியும் மச்சினியும் உண்டு. மாதா சிலை கனமான மரம்.

சனிக்கிழமை காலை மிஷினைப் போட்டேன். முதலில் ஒரு டொக்கை உளி வைத்து அடித்தேன். சகலையின் தையல் அப்படியே பட்டையாகக் கையோடு வந்துவிட்டது. அதன் முதுகு வழவழ என்று இருந்தது. இரும்பைப் பிடித்திருந்தால் அப்படி இருக்காது. அந்தத் துண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். தடித்த ராடு எடுத்து நான்கையும் உருக்கி மேலே போட்டேன். காலைக் கரண்ட். நன்றாக இறங்கியது. தட்டினேன். நாலும் டிங். பார்க்கக் கண்றாவி.

அதோடு ஹோல்டரைக் கீழே வைத்திருக்க வேண்டும்.

மிஷின் சூடாக இருந்தது. ராடு மிச்சம் இருந்தது. முன்பக்கம் வந்து நின்றேன். மாதாவின் காலடிக்கு நேர் கீழே மூன்று ஜாயிண்ட். அவர் போட்டதிலேயே அழகானவை. எல்லார் கண்ணும் படுகிற இடம். தட்டினேன். டிங், டிங், டிங். மறுபடியும் தட்டினேன். ஒரு குறையும் இல்லை.

மூன்றின் மேலும் போட்டேன்.

மத்தியானம் எல்லாரும் வந்தார்கள். சகலை அரைநாள் ஆபீஸ் முடித்து, அலுமினியம் பெயிண்ட் டப்பாவும் பிரஷ்ஷுமாக வந்தார். மேடையைப் பார்த்தார். டப்பாவைக் கீழே வைத்தார்.

உபதேசியார்தான் கத்தினார். "யாருய்யா இது? மாதா காலாண்ட கோழி கெளறின மாதிரி?"

"இவுரா? கண்ணு பட்டுட போவுதுன்னு திருஷ்டிப் பொட்டு வச்சிகீறாரு" என்றார் எதிர்வீட்டுக்காரர்.

மனைவி என்னைப் பார்த்தாள். "அவுரு அவ்ளோ அழகா போட்டிருந்தாரு. ஒனக்கு இன்னா வந்துச்சு?"

சகலை சொன்னார்: "இருங்க. அண்ணாச்சி காரணம் இல்லாம செய்யமாட்டாவ."

அதைக் கேட்டதும் எனக்கு உடம்பு கூசியது. பையிலிருந்து அந்தத் துண்டை எடுத்து அவர் கையில் வைத்தேன். "புடிக்கல சகலை. தட்டினேன், டொக்குனுச்சி."

அவர் துண்டைத் திருப்பினார். வழவழ முதுகை விரலால் தடவினார். பேனாவோடு சேர்த்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அப்புறம் டப்பாவைத் திறந்து பெயிண்ட் அடிக்க ஆரம்பித்தார். என்னுடைய மேடு பள்ளத்தின் மேலும் அவரே அடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சப்பரம் புறப்பட்டது. மழை பெய்து ரோடு குழி. ரயில்வே கேட்டுக்குத் திரும்புகிற இடத்தில் முன்சக்கரம் ஒரு குழியில் தொப்பென்று இறங்கியது. மேடை உலுக்கியது. மாதா முன்னால் சாய்ந்து, பிறகு நேராக நின்றாள். பெண்கள் மரியே வாழ்க என்று சொல்லி இன்னும் வேகமாக இழுத்தார்கள். யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. சகலை கூட்டத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து என்னைப் பார்த்தார். கையெடுத்துக் கும்பிட்டார்.

மாதாவைக் கும்பிட்டாரோ என்று முதலில் நினைத்தேன். இல்லை. என்னைத்தான்.

அந்த வாரம் அவர் சாயங்காலம் வரவில்லை. மிஷின் சும்மா கிடந்தது. அடுத்த ஞாயிறு பூசை முடிந்து காலையிலேயே வந்தார். கையில் ஒரு ராடு பாக்கெட். பாதி மிச்சம் இருந்தது. பின்பக்கம் நான் ஒரு ஜன்னல் கம்பி ஒட்டிக்கொண்டிருந்தேன். எதிரில் கல்லின் மேல் உட்கார்ந்தார்.

"இன்னா சகலை, ஆளையே காணோம்?"

"ஒண்ணு கேக்கணும் அண்ணாச்சி. தப்பா நெனைக்காதிய."

"கேளுங்க."

பையிலிருந்து அந்தத் துண்டை எடுத்தார். ஒரு வாரமாகப் பையிலேயே இருந்திருக்கிறது. "நீங்க மேல போட்டது எல்லாமே பிடிக்காததுதானா? இல்ல, சிலதுக்குச் சும்மா பலத்துக்காகப் போட்டியளா?"

நாலு டொக், மூன்று டிங். ராடைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கொஞ்சந்தான் பிடிக்கலன்னா பழகப் பழகச் சரியாயிரும். எனக்கு இது ரொம்பப் பிடிச்சிருக்கு அண்ணாச்சி. ஆபீஸ்ல நாள் பூரா எவன் எழுதினதையோ பாத்து எழுதுதேன். இது ஒண்ணுதான் நானாச் செய்யுதது. ஆனா பதினாறுல பாதிக்குப் பக்கமா பிடிக்கலன்னா, என் கையில அது இல்லன்னு அர்த்தம். மாதா விழுந்திருந்தா? எம் பொண்டாட்டி முன்னாலதான வடம் பிடிச்சு நின்னா. அப்படின்னா நான் இந்த ராட வச்சிட்டுப் போயிருதேன். நீங்க சொன்னாச் சரியா இருக்கும். உங்க காது தப்பாது."

ராடு பாக்கெட்டை மடியில் வைத்திருந்தார். இன்னும் என்னிடம் கொடுக்கவில்லை.

உள்ளே மனைவி பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது. காலை நேரம். மிஷின் முழுக் கரண்டில் உறுமிக்கொண்டிருந்தது. அவர் பக்கத்தில்தான் இருந்தது. கையைக் காட்டி, தடிச்சதை இந்தக் கரண்ட்டுல போடுங்க என்றால் போதும்.

"எத்தனை அண்ணாச்சி? நெசமாவே பிடிக்காதது?"

"ஏழு."