விரல் தெரிகிற திரை

மகள் சென்னைக் கல்லூரியில் சேர அடுத்த கப்பலில் புறப்பட இருந்தாள். அவளுக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. வாயால் பேசுவதும் இல்லை. வீட்டில் நாங்கள் மூவரும் கையால்தான் பேசுவோம். பாதி அவள் பள்ளியில் கற்றுவந்த சைகை மொழி, மீதி இந்தத் தீவில், கராச்சர்மா ஊரில் எங்கள் வீட்டிலேயே நாங்களாக உண்டாக்கிக்கொண்டது. மற்ற வீட்டுப் பிள்ளைகள் மெயின்லேண்டுக்குப் போனால் போனில் "சாப்பிட்டியா" என்று கேட்கலாம். குரலை வைத்தே காய்ச்சலா, அழுதிருக்கிறாளா என்று கண்டுபிடித்துவிடலாம். எங்களுக்கு அவள் கை தெரிந்தால்தான் பேச்சு. தெரியாவிட்டால் அவள் எங்கேயோ, நாங்கள் எங்கேயோ.

இந்த நினைப்பிலேயே எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒருநாள் என் போனில் ஒத்திகை பார்த்தோம். அவள் மொட்டைமாடியில், நானும் மனைவியும் கீழே அறையில். இரண்டு பேரும் படத்துக்குள் அடங்க வேண்டுமென்று ஒட்டி உட்கார்ந்தால் முகங்கள் மட்டும் தெரிந்தன, கைகள் வெளியே போய்விட்டன. தள்ளி உட்கார்ந்தால் அவள் விரல்கள் என் கண்ணுக்குப் பிடிபடவில்லை. 'பசிக்கிறது' என்று அவள் சொன்னதைக் காய்ச்சல் என்று எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினேன். முட்டியை இடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

"எல்லாக் கவலையையும் நீங்களே பட்டுட்டா எங்களுக்கு என்னங்க மிச்சம் வப்பீங்க?" என்றாள் மனைவி, கையாலும் சொல்லிக்காட்டி. அம்மாவும் மகளும் கையைத் தட்டிச் சிரித்தார்கள். மகள் தைரியசாலி. பெட்டியை அவளே அடுக்கினாள், விடுதியைப் பற்றி அவளே விசாரித்தாள். பயப்படுவது எங்கள் வீட்டில் என் இலாகா.

வீட்டில் எங்களுக்குப் பெரிய திரையுள்ள டேப்லெட் ஒன்று வேண்டும், அதுவும் நம் கைக்கு எட்டுகிற விலையில் வேண்டும். ஆன்லைனில் ஒன்றைப் பார்த்துப் பின்கோடைப் போட்டதும் 'இந்த இடத்துக்கு அனுப்ப இயலாது' என்று வந்தது. தீவில் இருப்பவர்களுக்குப் பழகிப்போன பதில் அது. கடையில் வாங்கினாலும் பழுதென்றால் சென்னைக்குத்தான் அனுப்பியாக வேண்டும். போனது திரும்பி வருவதற்குள் மகளுக்கு லீவே வந்துவிடும். வாங்கும்போதே துருவிப் பார்த்துவிட வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு அபர்தீன் பஜாருக்கு பஸ் ஏறினேன்.

கடைக்காரர் தமிழர். தீவிலேயே வளர்ந்தவர், பேச்சில் இந்தி கலந்து வரும்.

"பட்ஜெட்ல இதான் அண்ணே பக்கா பீஸ். நாலு ஸ்பீக்கர். ஆவாஸ் வச்சீங்கன்னா வீடே அதிரும்."

"சத்தமே வேணாம். ஸ்பீக்கரைக் கழட்டிட்டு விலையைக் குறைப்பீங்களா?"

அவர் சிரித்தார். நான் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். விஷயத்தைச் சொன்னேன். அதற்குப் பிறகு அவர் ரேம், பேட்டரி என்று எதையும் அடுக்கவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து மேஜைமேல் நிறுத்திக் காட்டினார்.

மகள் வீட்டில் தன் போனைப் பருப்பு டப்பாவில் சாய்த்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். கடையின் வைஃபையைத் தருகிறேன் என்றார் அவர். நான் மறுத்துவிட்டேன். கடை வைஃபையில் எல்லாம் நன்றாகத்தான் தெரியும். வீட்டில் எங்களுக்கு என் போனின் நெட்தான் கதி, அதிலேயே பார்க்க வேண்டும்.

முதல் டேப்லெட்டில் அவள் அழகாகத் தெரிந்தாள். ஆனால் அதன் கேமரா குறுகிய பக்கத்தில் இருந்தது. அகலவாட்டில் நிறுத்தியதும் நான் ஓரத்துக்கு ஒதுங்கிவிட்டேன். 'உன் வலது கையைக் காணோம்' என்றாள் மகள். அதைத் திருப்பிக் கொடுத்தேன்.

இரண்டாவதில் கேமரா நடுவில் இருந்தது, ஆனால் நான் கையை வீசும்போதெல்லாம் விரல்களைக் காணவில்லை என்றாள் மகள். என் பின்னாலிருந்த கடையை மங்கலாக்குகிறேன் என்று அந்த டேப்லெட் என் விரல்களையும் சேர்த்து அழித்துக்கொண்டிருந்தது. கடைக்காரர் அமைப்புகளுக்குள் புகுந்து தேடி அதை அணைத்தார். அணைத்ததும் விரல்கள் திரும்பி வந்தன. எனக்கு மூச்சும் வந்தது.

"இப்ப சாஃப் தெரியுதா அண்ணே?"

"இருங்க, பார்க்கணும்."

மகளை வேகமாகப் பேசச் சொன்னேன். சோறு, மழை, கப்பல், சித்தி என்று கொட்டினாள். எல்லாம் புரிந்தது. அறையின் இருட்டு மூலைக்குப் போகச் சொன்னேன். போனாள். அங்கேயும் புரிந்தது. ஒரு தடவை படம் நின்றது, பிறகு ஓடியது. போனை வைக்கச் சொல்லலாம் என்று நினைத்தேன். அப்போது அவளுக்குப் பின்னால் மனைவி துணிக்கூடையோடு போனாள்.

மகள் திரும்பிப் பார்த்தாள். அம்மா கொல்லைப்பக்கம் போய்விட்டாளா என்று உறுதி செய்துகொண்டாள். பிறகு திரைக்கு நெருங்கி வந்து, நெஞ்சுக்கு அருகில், சின்னச் சின்ன அசைவுகளாகச் சொன்னாள்: 'எனக்குப் பயமாக இருக்கிறது அப்பா. அம்மாவிடம் சொல்லாதே.'

ஒவ்வொரு விரலும் தனித்தனியாகத் தெரிந்தது. சுண்டுவிரல் நகத்தில் உரிந்திருந்த சாயம்கூடத் தெரிந்தது. இவ்வளவு நாள் இவளா பயப்படாமல் இருந்தாள்? அந்த ஒரு நொடி படம் நின்றுபோயிருக்கக் கூடாதா என்று இருந்தது. 'பயப்படாதே' என்று சொல்லக் கையைத் தூக்கினேன். அப்படிச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? இரண்டு கையாலும் சொன்னேன்: 'எனக்கும்தான். நிறைய.'

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். நான் அப்படிச் சிரிக்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டேன்.

கடைக்காரர் என்னையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பாப்பா என்ன சொல்லுது அண்ணே?"

"இதையே வாங்கிட்டு வரச் சொல்றா" என்றேன்.