காலனிப் பள்ளிக்கூடத்துக்கு வந்த மோட்டார்கள்

எங்கள் பள்ளிக்கு ஆண்டு விழா வருகிறது. பழைய மாணவர் யாராவது பள்ளியின் வரலாற்றை எழுதித் தர வேண்டும் என்று தலைமையாசிரியர் கேட்டார். மேடையேறிப் பேசத் தேவையில்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகே ஒப்புக்கொண்டேன். கட்டடத்தை எப்போது திறந்தார்கள், யார் திறந்தார்கள் என்பதெல்லாம் வாசலில் கல்லில் இருக்கிறது. கல்லில் இல்லாததை மட்டும் எழுதுகிறேன்.

காலனிப் பிள்ளைகளுக்காக அரசு கட்டிய பள்ளி இது. மற்றவர்களும் சேரலாம் என்று சட்டம் சொன்னது. சேரத்தான் ஆள் இல்லை. ஊர்ப் பிள்ளைகள் எங்கள் வாசலைத் தாண்டிப் போய், பஸ் ஏறி ஓமலூரில் படித்தார்கள். ஆனால் ஊர் மோட்டார்கள் எங்களிடம்தான் வந்தன. மேல்வகுப்பில் எங்களுக்கு மோட்டாருக்குள் செம்புக் கம்பி சுற்றும், அதாவது காயில் கட்டும், தொழிற்பிரிவு இருந்தது. கிணற்று மோட்டார் புகைந்துபோனால் டவுன் கடையில் வாரக்கணக்கில் காத்துக் கிடக்க வேண்டும். எங்கள் பட்டறையில் சீக்கிரம் முடியும். மோட்டாரிடம் யாரும் சாதிச் சான்றிதழ் கேட்கவில்லை.

தொழிற்கல்வி ஆசிரியர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். காயில் கட்டிய மோட்டாரைப் பட்டறையில் ஓடவிடும்போது, சொந்தக்காரரே வந்து அதன்மேல் கை வைத்துப் பார்க்க வேண்டும். பண்ணையத்து ஆளை அனுப்பினால் மோட்டார் வெளியே போகாது. காலனிப் பசங்கள் கெடுத்துவிட்டார்கள் என்று ஒருவர் ஊரெல்லாம் சொல்லித் திரிந்த பிறகு வந்த வழக்கம் அது.

நான் பன்னிரண்டாவது படித்தபோது, ஒரு தோட்டத்துக்காரரின் மோட்டாருக்குக் காயில் கட்டினேன். அவர் சின்ன வெங்காயம் போட்டிருந்தார். காய் பருக்கும் நேரம். உடனே தண்ணீர் பாயவில்லை என்றால் வெள்ளாமை போய்விடும்.

தயாராகிவிட்டது என்று சொல்லியனுப்பினோம். டெம்போவில் வந்தவர், கேட்டுக்கு எதிரே புளியமரத்தடியில் நின்றுகொண்டார். அங்கிருந்தே பார்த்துக்கொள்கிறாராம் என்று டிரைவர் வந்து சொன்னார். அங்கிருந்து கை எட்டாதே என்றார் ஆசிரியர். டிரைவர் போனார், வந்தார். நாளைக்கு வருகிறாராம் என்றார். இருவரும் விடுவதாக இல்லை. நடுவில் வெங்காயம் காய்ந்துகொண்டிருந்தது.

டெம்போவின் முன்சீட்டில் அவர் மனைவியும் இருந்தது எங்களுக்குத் தெரியாது. அந்த அம்மா இறங்கி நேராகப் பட்டறைக்குள் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பினார்.

“ஏனுங்க, மோட்டாரு நாலு நாளா இங்கதான குடியிருக்குது. அதுக்கு ஒண்ணும் ஆவல. வாங்க.”

புளியமரத்தடியில் அசைவில்லை.

“வரலீன்னா நானே கை வெச்சுப் பாத்து எடுத்துட்டு வாரேன். ஊருக்குள்ள கேட்டா, எங்கூட்டு மோட்டாருக்கு நாந்தான் சொந்தக்காரின்னு சொல்லிக்கறேன்.”

அதற்கு அவர் வந்துவிட்டார். துண்டைச் சரிசெய்துகொண்டு, இந்தப் பக்கம் வேறு ஏதோ வேலையாக வந்தவர்போல வந்தார்.

ஆசிரியர் சுவிட்சைப் போட்டார். தோட்டத்துக்காரர் கை வைத்தார். அதிரவில்லை. சுடவும் இல்லை. யார் கட்டியது என்று கேட்டார். ஆசிரியர் என்னைக் காட்டிய இடத்தில் டிரில்லிங் மெஷின்தான் இருந்தது. நான் அதற்குப் பின்னால் இருந்தேன். அவர் அந்த மெஷினைப் பார்த்துத் தலையாட்டினார். கையை மட்டும் மோட்டாரிலிருந்து எடுக்கவில்லை.

“போதுமுங்க, எடுங்க,” என்றார் அந்த அம்மா. “வெங்காயம் காயுது.”

மோட்டாரைத் தூக்கி டெம்போவில் ஏற்றினோம். அவரும் எங்களோடு ஒரு பக்கம் பிடித்தார். பிடித்தாரே தவிர, கனமெல்லாம் எங்கள் பக்கம்தான் இருந்தது.